எமரென்சி பிடித்த கம்பம்

“ஊர்ல உள்ளவ வீட்டுலயெல்லாம் மூக்குத்தி மொதக்கொண்டு தெரியுது, நம்ம வீட்டுல மட்டும் எறும்பு ஊருது, உங்களுக்கு வாக்கப்பட்டதுக்கு நான் எறும்பைப் பாத்துக்கிட்டே சாவணுமா?” என்று ஹில்டா வாசலில் நின்று மாடியைப் பார்த்துக் கேட்டாள். காலையில் கேட்டதையே மத்தியானமும் கேட்டாள், ஒரு சொல் கூடாமல் குறையாமல், மூச்சு வாங்குகிற இடம்கூட மாறாமல். எதிர்வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த எனக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. கான்வென்டில் மதர் பிரம்போடு நின்று ஏற்றிய ஜெபங்கள்கூட அவ்வளவு சீக்கிரம் ஏறியதில்லை. அவள் புருஷன் கஸ்பார் மொட்டைமாடியில் ஆன்டெனாக் கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி “இப்போ?” என்பான். “எறும்பு” என்பாள் இவள். அவன் கம்பத்தை ஒரு திருகு திருகி மறுபடியும் “இப்போ?” என்பான். “எறும்பு, கூடக் கொஞ்சம் மழை” என்பாள்.

மூக்குத்தி தெரிகிறது என்று அவளிடம் சொன்னது நான்தான். என் வீட்டு டிவியிலும் படத்துக்குப் பதில் புள்ளி புள்ளியாக எறும்புதான், ஆனால் அதைப் போய் ஹில்டாவிடம் சொல்ல எனக்கென்ன கோட்டியா பிடித்திருக்கிறது?

கடலை ஒட்டிய எங்கள் தெருவில் எல்லோர் வீட்டுக்கும் டிவி வந்துவிட்டது, படம்தான் வரவில்லை. மெட்ராஸ் படம் எங்கள் ஊரை எட்டாது. கடலுக்கு அந்தப்பக்கம் கொழும்பிலிருந்து காற்றில் சும்மா வருகிற சிலோன் டிவிதான் எங்களுக்கு விதித்தது. அதைப் பிடிக்க மீன்முள் மாதிரி இருக்கிற ஆன்டெனாவைக் கிழக்கே பார்த்து, எவ்வளவு உயரத்தில் கட்ட முடியுமோ அவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும். ஒருவன் இரும்புக் குழாயில் கட்டினால் அடுத்தவன் சவுக்குக் கம்பத்தில் கட்டுவான், அதற்கடுத்தவன் உடைந்த வள்ளத்தின் பாய்மரத்தைத் தூக்கிவந்து நிறுத்துவான், பூஸ்டர் வாங்கிச் சொருகுவார்கள், இட்லித் தட்டைக் கட்டித் தொங்கவிடுவார்கள், குக்கர் மூடியைக் கட்டுவார்கள், அன்றைக்கு அந்த வீட்டில் இட்லியும் கிடையாது படமும் கிடையாது. ஆனாலும் எல்லோரும் எல்லோரிடமும் எங்கள் வீட்டில் கண்ணாடி மாதிரித் தெரிகிறது என்று சொன்னோம், சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து எறும்பைப் பார்த்தோம்.

கஸ்பாருக்கு எமரென்சி என்று ஒரு தங்கை. முப்பதைத் தாண்டியவள். ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்டால் கஸ்பார் “பாக்கணும்” என்பான், அவன் பார்க்கணும் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டிருந்ததற்குள் அந்த வீட்டு அடுப்பும் அம்மியும் ஹில்டாவின் பிள்ளைகளும் அவள் தலையில் வந்து இறங்கிவிட்டன. அன்றைக்கு மாடியில் காயப்போட்ட கருவாட்டை அள்ள ஏறியவள், “அண்ணே, கயிறு அவுந்து கெடக்கு, சாயப்போவுது” என்று ஓடிப்போய் கருவாட்டுக் கையாலேயே கம்பத்தைப் பிடித்தாள்.

படம் வந்தது. அவர்கள் வீட்டில் மட்டும் இல்லை, தெரு முழுக்க வந்தது, கறுப்பு வெள்ளைப் பெட்டிகளில்கூடக் கலராக வந்தது. சிங்களத்தில் செய்தி வாசித்துக்கொண்டிருந்த பொம்பிளையின் சேலை பச்சை என்று தெரிந்தது, மோவாய்க்குக் கீழே பவுடர் அப்ப மறந்த இடம் தெரிந்தது, அவள் தலையில் வைத்திருந்த பூவின்மேல் ஓர் எறும்பு ஊர்ந்துபோனதும் தெரிந்தது, அது நிஜ எறும்பு. ஏன் வந்தது, எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வாசல் வாசலாக எல்லோரும் ஓடிவந்து, ஒரே சமயத்தில், மாடியைப் பார்த்துச் சொன்ன சொல் ஒன்றுதான்: “அப்படியே பிடி, அசையாத.”

அவள் முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கக் கையை எடுத்தாள், படம் போய்விட்டது. பிடித்தாள், வந்தது. கஸ்பார் பிடித்தான், வரவில்லை. ஹில்டா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஏறிப்போய்ப் பிடித்துப் பார்த்தாள், இருந்த எறும்பும் போய்விட்டது. டிவி ரிப்பேர் செய்கிறவரைக் கூட்டிவந்தோம். அவர் டெஸ்டரை எமரென்சியின் முழங்கையில் வைத்துப் பார்த்து, “எர்த் நல்லாருக்கு, காலடி காயாமப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் எல்லாம் ஒரு முறைக்குள் வந்துவிட்டது. காலடி காயக்கூடாது என்பதால் தெருப் பெண்கள் முறைபோட்டு உப்புத்தண்ணீர் கொண்டுபோய் அவள் பாதத்தில் ஊற்றினோம். குடை பிடித்தால் அதன் கம்பி படத்தை இழுத்தது, ஆகவே குடை வேண்டாம், ஓலைத்தொப்பி. ஒரு கையைவிட இரண்டு கையால் பிடித்தால் குரல் தெளிவு. முகம் எப்போதும் கிழக்கே கடலைப் பார்த்திருக்க வேண்டும், கழுத்து ஒரு விரற்கடை திரும்பினாலும் ஆட்கள் இரட்டை இரட்டையாகத் தெரிவார்கள், தெற்கே திரும்பினால் குரல் போகும், மேற்கே திரும்பினால் மொத்தமும் போய்விடும். விளம்பரம் ஓடும்போது யாராவது ஏறிப்போய் அவளுக்குச் சோறு ஊட்டுவோம், விளம்பரம் முடிவதற்குள் அவள் மென்று முடிக்க வேண்டும், அதற்காகச் சோற்றைக் குழைத்தே கொண்டுபோனோம், அந்த அளவுக்கு அக்கறை இருந்தது. நிகழ்ச்சி எல்லாம் முடிந்து பெட்டியில் தேசிய கீதம் வந்தபிறகு இறங்கிவந்து பாத்திரம் கழுவுவாள். மாதா சபைக் கூட்டத்தில் அவளுக்காக ஒரு சிறு ஜெபம் சேர்த்தோம். அடுத்த தெருக்காரிகள் கோயிலில் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். எங்கள் தெருவில் பெண் எடுக்கத் தூரத்து ஊர்களிலிருந்து ஆள் வந்தது.

எமரென்சி மட்டும் படம் பார்க்கவில்லை. எங்கள் தெருவிலேயே டிவி பார்க்காத ஒரே ஆள் அவள்தான். நான் சோறு ஊட்டப் போகும்போது, “எக்கா, சாயங்காலம் யாரோ அழுத சத்தம் கேட்டுச்சே, அது யாரு? எதுக்கு அழுதா?” என்பாள். கதையை முதலிலிருந்து சொல்ல எனக்கு நேரமா இருக்கிறது? “வாயைத் தொற” என்பேன்.

லிகோரி வந்தது கயிற்றுக்காக. ஆற்றுக்குத் தெற்கே உள்ள கிராமத்துக்காரன், வள்ளங்களுக்குக் கயிறு திரித்து முடிச்சுப் போடுகிறவன். உப்புக்காற்று கம்பத்துக் கயிற்றையெல்லாம் தின்றுவிட்டது என்று கஸ்பார் அவனைக் கூட்டிவந்திருந்தான். டிவி இல்லாத வீட்டுக்காரன், ஆகவே மாடிக்கு ஏறினவன் கம்பத்தைப் பார்க்காமல் அவள் காலைப் பார்த்தான். அவர்கள் பேசியது எதிர்வீட்டு மாடியில் வற்றல் காயவைத்துக்கொண்டிருந்த என் காதில் விழுந்தது.

“காலு வெந்து போய்க் கெடக்கே.”

“ஈரம் காயக்கூடாதாம்.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும்.”

மறுநாள் தேங்காயெண்ணெய் கொண்டுவந்தான். அதற்கு மறுநாள் ஒரு கயிற்றை மாற்றினான், அப்புறம் நன்றாக இருந்த கயிற்றையும் மாற்றினான், பிறகு தான் மாற்றிய கயிற்றையே மாற்றினான். அவன் முடிச்சுப் போடுவான், அவள் கடலைப் பார்த்தபடி பேசுவாள், அவன் சிரிப்பான். அவள் சிரித்தபோது எங்கள் பெட்டிகளில் ஒரு கோடு ஓடியது, நாங்கள் “ஏட்டி, அசையாத” என்று கத்தினோம்.

ஒருநாள் கிரிக்கெட் மேட்ச், கடைசி ஓவர். கஸ்பார் வீட்டில் ஆம்பிளைகள் கூட்டம். லிகோரி வாசலில் வந்து நின்று, தொண்டையைச் செருமி, “அண்ணாச்சி, உங்க தங்கச்சியை எனக்குக் கல்யாணம் பண்ணித் தரணும்” என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டான். கஸ்பார் திரும்பவே இல்லை. “தாரேன் தாரேன், மறைக்காதப்பா, தள்ளி நில்லு” என்றான். லிகோரி தள்ளி நின்றான், பந்து பவுண்டரிக்குப் போனது, எல்லோரும் கைதட்டினார்கள், அவன் அதைத் தனக்கென்று எடுத்துக்கொண்டு நேரே கோயிலுக்குப் போய்ப் பங்குச்சாமியிடம் கல்யாணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டான். அண்ணன்காரன் சபையில் வாக்குக் கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன?

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் மணம் நிச்சயமாகியிருக்கிறது, இவர்களுக்குள் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் அதைப் பங்குச்சாமிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று. முதல் ஞாயிறு வாசித்ததை ஒருவரும் காதில் வாங்கவில்லை, அன்றைக்கு மத்தியானம் என்ன படமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் ஞாயிறுதான் எமரென்சி என்ற பெயர் காதில் விழுந்தது. ஹில்டா தலைமுக்காடு நழுவ எழுந்தே நின்றுவிட்டாள்.

கோயில் வாசலிலேயே கூட்டம் கூடியது. “ஆத்துக்கு அந்தப்பக்கம் கொண்டுபோயிட்டான்னா அந்த ஊர்க்காரனுவ நல்லா கால் நீட்டிக்கிட்டுப் பாப்பானுவ, நாம மறுபடியும் எறும்பைப் பாக்க வேண்டியதுதான்” என்றாள் ஹில்டா. நீர் வாக்குக் கொடுத்தீரா என்று கஸ்பாரைக் கேட்டால், எப்போது என்று அவன் எங்களைக் கேட்டான். லிகோரியைக் கூப்பிட்டு, கட்டிக்கொண்டு இங்கேயே இரு, வீடு பார்த்துத் தருகிறோம், அவள் பாட்டுக்கு மாடிக்குப் போய்வரட்டும் என்று நியாயமாகத்தான் சொன்னோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “கூரைக்குக் கீழ உக்கார வச்சிப் பாத்துக்கிடுவேன், வேற ஒண்ணும் இல்ல” என்றான். உட்கார வைப்பானாம். அதைக் கேட்டு அங்கே நின்ற பொம்பிளைகளுக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது, எங்களையெல்லாம் யார் உட்கார வைத்தார்கள்?

கடமைப்பட்டவர்கள் பங்குச்சாமியிடம் போக ஆரம்பித்தார்கள். ஒருத்தி, அவர்கள் இரண்டு பேரும் ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் என்றாள். இன்னொருத்தி, லிகோரிக்குக் கொழும்பில் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது என்றாள். மூன்றாமவள் எமரென்சிக்கு வலிப்பு என்றாள், நாலாமவள் லிகோரிக்கு வலிப்பு என்றாள். பங்குச்சாமி பொறுமைசாலி. “எல்லாருக்குமா வலிப்பு வந்திருக்கு? போங்க, போய் ஜெபம் சொல்லுங்க” என்று அனுப்பிவிட்டார்.

எனக்கு முட்டாள்தனத்தைத்தான் பொறுக்க முடியாது. பொய்யென்றால் ஒரு பொய்தான் இருக்க வேண்டும், அதை எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். அத்தனை பேரையும் என் வீட்டில் உட்காரவைத்து, ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது மாதிரி கேள்வியும் பதிலுமாக ஏற்றினேன். எமரென்சி சின்னப்பிள்ளையாகப் புதுநன்மை வாங்கிய நாளில் எங்கே நின்றாள்? மாதா சொரூபம் வைத்த கெபிக்கு முன்னால் நின்றாள். என்ன சொன்னாள்? கடைசிவரை கன்னியாக இருந்து மாதாவுக்கு ஊழியம் செய்வேன் என்று நேர்ந்துகொண்டாள். நீ அதை எப்படி அறிவாய்? கண்ணால் கண்டேன், காதால் கேட்டேன். ஹில்டா, “நானும் கண்ணால கண்டேன்” என்றாள். “நீ அப்ப இந்தத் தெருவுக்கே வரல, ஒனக்குக் காது மட்டும்தான்” என்று தலையில் ஒரு குட்டு வைத்தேன். சனிக்கிழமை பங்குச்சாமி ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கேட்டார், ஒவ்வொருவரும் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்கள். அவர் மணி அடிக்கிற கோயில்பிள்ளையை மாடிக்கு அனுப்பி எமரென்சியையும் கேட்டுவரச் சொன்னார். கோயில்பிள்ளை திரும்பிவந்து, அப்படி எதுவும் நேர்ந்துகொள்ளவில்லை என்று அவள் அழுகிறாள் என்றார். இத்தனை பேர் சாட்சிக்கு எதிரே ஒருத்தி அழுகை எம்மாத்திரம்? விஷயத்தை ஆயர் இல்லத்துக்கு எழுதியிருப்பதாகச் சொல்லிப் பங்குச்சாமி மூன்றாம் ஓலையை நிறுத்திவைத்தார். சாமி பங்களாவிலும் ஒரு டிவி உண்டு. சும்மா சொல்கிறேன், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அன்றைக்கு எமரென்சி கம்பத்தைவிட்டுக் கையை எடுத்தாள். எடுத்தவள் எடுத்தவள்தான். தெரு முழுக்க எறும்பு.

அவளை யாரும் திட்டவில்லை. கைநீட்டி அடிக்கவும் இல்லை, எங்கள் தெரு அப்படிப்பட்ட தெரு கிடையாது. அந்த வீட்டு மாடிக்குப் படிக்கட்டு இல்லை, மூங்கில் ஏணிதான். கஸ்பார் அதை எடுத்துப் பின்பக்கம் தரையில் போட்டுவிட்டான், அவ்வளவுதான் நடந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம், துணி துவைத்தோம், குழம்பு வைத்தோம், அவரவர் அடுப்பு வாசனை அதுபாட்டுக்கு மேலே போயிற்று. வெயில் ஏறியபோது அவள் சுவரோரம் வந்து குனிந்து, “மைனி, தண்ணி” என்றாள். ஹில்டா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, “பிடி, வரும்” என்றாள். அவள் போய் மாடியின் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். பிடிவாதக்காரி என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தலைக்கு மேலே வெயில் இறங்கி மறுபடி ஏறி மறுபடி இறங்கியது, பெட்டிகளுக்கு முன்னால் நாங்களும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தோம், எறும்பைப் பார்த்தபடி, இரைச்சலைக் கேட்டபடி, பிறகு ஒரு சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பாட்டு நடுவிலிருந்து பீறிட்டுக்கொண்டு வந்தது, ஆடுகிறவளின் கால்சலங்கை மணி மணியாகத் தெரிந்தது. தெருவே கைதட்டியது. எல்லா வீட்டிலிருந்தும் அவளுக்கு மீன்குழம்பு போயிற்று, நான் முட்டை அவித்துக் கொண்டுபோனேன். ஊட்டிவிட்டு இறங்கியதும் ஏணியை மறக்காமல் எடுத்துவைத்தோம். அதற்கப்புறம் பாத்திரம் கழுவ இன்னொரு பெண்ணை ஹில்டா வைத்துக்கொண்டாள்.

லிகோரி தகவல் கேட்டு வந்தான், தோளில் ஒரு ஏணியோடு. ஆம்பிளைகள் எழுந்து நின்றார்கள். நான் என் வாசலில் நின்று, இப்போது மண்டை உடையும் என்று நினைத்தேன். ஆனால் கஸ்பாருக்கு அன்று எங்கிருந்தோ புத்தி வந்தது. “வெயில்ல வந்திருக்கீரு மாப்பிள்ள, ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் பேசுவோம்” என்று தோளில் இருந்த ஏணியை மரியாதையாக வாங்கி எதிரே மதில்சுவரில் சாத்தி, அவனைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டிவிக்கு எதிரே ஸ்டூலில் உட்காரவைத்தான்.

பெட்டியில் கடல் ஓடிக்கொண்டிருந்தது. கடலின் மேல்பக்கம் இல்லை, அடிப்பக்கம். மஞ்சளும் நீலமுமாகக் கோடுபோட்ட மீன்கள் பூப்போன்ற பாறைகளுக்குள் நுழைந்து வெளியே வந்தன, ஒரு பெரிய திருக்கை சிறகடித்துக்கொண்டு போனது, மேலேயிருந்து வெயில் கயிறு கயிறாக இறங்கியது. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்தவன், கடலின் அடியை ஒருநாளும் கண்டதில்லை. வாயைத் திறந்தவன் மூடவில்லை. கையில் இருந்த டீயில் ஆடை படிந்தது. மாடியிலிருந்து எமரென்சி, “மைனி, ஏணி சாத்துன சத்தம் கேட்டுச்சே, அவரு வந்துட்டாரா?” என்றாள்.

“வந்தாரு,” என்றாள் ஹில்டா. “டீ குடிக்குதாரு.”

மீனெல்லாம் முடிந்து செய்தி வந்தது, செய்தி முடிந்து நாடகம் வந்தது, அதுவும் சிங்களம், ஒரு சொல்லும் புரியாது, அதையும் பார்த்தான். போகும்போது அவன் ஏணியைக் கேட்கவில்லை. நல்ல உறுதியான ஏணி, எங்கள் பழைய மூங்கிலைவிட லேசு, சோறு ஊட்ட ஏறுவதற்கு அதைத்தான் இப்போது வைத்திருக்கிறோம்.

அடுத்த ஞாயிறு வந்தான், வெறுங்கையோடு. அதற்கடுத்த ஞாயிறு பூசை முடிந்ததுமே வந்து முன்வரிசைப் பாயில் இடம் பிடித்தான். யாராவது எழுந்து நடந்தால், “மறைக்காதீங்கப்பா” என்றான். மேலே போய்ப் பார்க்கவில்லையா என்று ஒருநாள் நானே கேட்டேன், வாய் சும்மா இராமல். “பாக்கணும்” என்றான். ஆற்றைத் தாண்டி வந்துபோவது சிரமமாக இருக்கிறது, இந்தத் தெருவிலேயே இருந்தால் தேவலை என்றும் சொன்னான். ஹில்டாவுக்கு டெல்பின் என்று ஒரு தங்கை, ஹில்டா வாக்கப்பட்டு வந்தபிறகு எங்கள் தெருவுக்கே குடிவந்துவிட்ட தாய்வீட்டில் இருந்தாள், வெள்ளைத்தோல், வாய் கொஞ்சம் நீளம். பேசி முடித்தார்கள். மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள், மூன்று ஞாயிறும் நாங்கள் நன்றாகக் காதுகொடுத்துக் கேட்டோம், தடை ஏதும் இருப்பதாக ஒருவரும் அறியவில்லை.

கல்யாணத்தன்று பந்தலில் விருந்தாளிகளுக்காக டிவி வைத்திருந்தார்கள், மத்தியானம் தமிழ்ப் படம் போடுகிற நாள். அசலூர்க்காரர்கள் முன்னால் மானம் போகக்கூடாது, ஆகவே எமரென்சிக்கும் எடுத்த சேலை மேலே போயிற்று. கையை எடுக்க முடியாததால் நாங்களே சுற்றிக் கட்டிவிட்டோம், தலையில் ஒரு முழம் பூவும் வைத்தோம், நன்றாகத்தான் இருந்தாள். காலடியைப் பார்த்துக்கொள்ளும் முறை அன்றைக்கு எனக்கு வந்தது, ஊர்வலத்தை மாடியிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் சரியென்றேன்.

கோயில் எங்கள் தெருவுக்கு மேற்கே இருக்கிறது. பேண்டு சத்தம் முதலில் லேசாகக் கேட்டது, பிறகு முனை திரும்பிப் பெரிதாக வந்தது. நான் குடத்தைச் சாய்த்து உப்புத்தண்ணீரை அவள் பாதத்தில் ஊற்றிக்கொண்டே எட்டிப் பார்த்தேன். லிகோரி கோட்டுப் போட்டிருந்தான், கழுத்துவரை மாலை, பக்கத்தில் டெல்பின் வெள்ளைச் சேலையில் குனிந்து நடந்தாள், அவன் குனியவில்லை, கழுத்தை நீட்டிப் பந்தலுக்குள் எந்தப் பாட்டு ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு வந்தான். பந்தலில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. படம் உச்சத்தில் இருந்தது.

எமரென்சி கம்பத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி கிழக்கே கடலைப் பார்த்து நின்றாள். பேண்டு எங்களுக்குப் பின்னால் நேர் கீழே வந்துவிட்டது.

“எக்கா,” என்றாள், உதடுகூட அதிகம் அசையாமல், “ஒரே ஒருக்கா திரும்பிப் பாத்துக்கிடட்டுமா?”